இரண்டு போர்டு, பதினொரு புதன்கிழமை

வேலையை விட்டு வந்த அன்று அலுவலகத்தில் என்னிடமிருந்து இரண்டு பொருள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை, அப்புறம் லேப்டாப். ‘விட்டு வந்த’ என்று கௌரவத்துக்காகச் சொல்கிறேன். உள்ளபடி சொன்னால் அனுப்பிவிட்டார்கள். இருபத்து நான்கு வருடம் பெங்களூரு வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதுவதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். இனிமேல் அதையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பார்த்துக்கொள்ளட்டும், நன்றாக இருக்கட்டும்.

தொம்மலூரில் என் வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் பையைத் திறந்து உள்ளே கையை விட்டேன். சார்ஜர் வைக்கிற அறையில் ஒரு பேனா மட்டும் இருந்தது. ஐம்பத்தொரு வயதில், அதுவும் இதே தொழிலில் தலைமுடி நரைத்தவள், சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூட வாங்கி வைத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாமே ஆபீஸ் கொடுத்ததுதான். ஆபீஸ் கொடுத்ததிலேயே மின்சாரக் கட்டணமும் கட்டினேன், அதிலேயே தம்பியோடு வீடியோவில் பேசினேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். கீழ்வீட்டில் வீட்டுக்காரர்கள், நல்லவர்கள், தண்ணீர் வந்ததா என்று கேட்பார்கள். அவ்வளவுதான் என் ஊர். ஆபீஸ் இருந்தவரை இது எனக்குத் தெரியவே இல்லை. அங்கே காலையிலிருந்து யாரோடாவது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். இப்போது சாயங்காலம் பார்சல் கொண்டுவருகிறவர் வந்து கதவைத் தட்டி ஓடிபி கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அன்றைக்கு நான் வாய் திறந்து சொல்கிற முதல் வார்த்தையே அந்த நான்கு எண்களாக இருக்கும். சில நாள் அதுதான் கடைசி வார்த்தையும்.

லேப்டாப் வாங்கியிருக்கலாம். ஃபோனில் பத்து நிமிடத்தில் முடிகிற காரியம். ஆனால் எனக்குத் திமிர். எவனோ கட்டிக் கொடுத்ததை ஏன் வாங்க வேண்டும், ஒவ்வொரு பாகமும் நானே பார்த்துப் பொறுக்கி நானே பூட்டுகிறேன் என்று கிளம்பினேன். பிராசசர், ரேம், பெட்டி எல்லாம் ஒரு வாரத்தில் முடிவாகிவிட்டது. மதர்போர்டில் வந்து நின்றுவிட்டேன்.

மற்ற எல்லாப் பாகங்களும் உட்காருகிற பலகை அது. ரேம் சரியில்லை என்றால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். போர்டு சரியில்லை என்றால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். என் பிராசசருக்குப் பொருந்துகிற போர்டுகளில் கடைசியாக இரண்டு மிஞ்சின. ஒன்று சந்தைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லாம் புதுசு, வேகம் அதிகம், இன்னும் சில வருடத்துக்குக் கவலை இல்லை. மற்றது இரண்டு வருடமாக விற்கிறது. அதில் என்னென்ன கோளாறு வரும் என்று எல்லோருக்கும் தெரியும், வந்த கோளாறையெல்லாம் சரிசெய்தும் விட்டார்கள். புதியதா, தேறியதா என்பதுதான் கேள்வி.

என் தொழிலில் இது கேள்வியே இல்லை. புதிதாக வந்த எதையும் நான் மூன்று மாதம் கிட்டே சேர்க்க மாட்டேன். ஆபீஸில் சின்னப் பிள்ளைகள் எனக்கு ‘பழைய வெர்ஷன் அக்கா’ என்று பேர் வைத்திருந்தார்கள், முதுகுக்குப் பின்னால். முன்னாலேயே சொல்லியிருக்கலாம், நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு புதன்கிழமை, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். இவ்வளவு வருடமாக வைட்ஃபீல்டுக்கு பஸ் ஏறிய நிறுத்தத்தைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நிற்கவே ஒரு மாதிரி இருந்தது. கார்ப்பரேஷன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். எஸ்.பி. ரோட்டில் கீழே இருக்கிற கடைகளில் கூட்டம் அப்பியிருந்தது. ஒரு கட்டடத்தில் ஒற்றை ஆள் ஏறுகிற படிக்கட்டில் மேலே போனால் ஒரு கம்ப்யூட்டர் பாகங்கள் கடை, ஈ ஆடவில்லை. கல்லாவுக்குப் பின்னால் என் வயதுக்காரர் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“தமிழ்லயே கேளுங்க மேடம். நானும் தமிழாளுதான். இங்கதான், அடுகோடி.”

அப்பாவுக்கு அப்பா காலத்திலேயே பெங்களூரு வந்துவிட்ட குடும்பமாம். நான் ஆம்பூர்ப் பக்கம். என் தமிழும் அவர் தமிழும் கொஞ்சம் ஒட்டும், கொஞ்சம் ஒட்டாது. இரண்டு போர்டின் பேரையும் சொன்னேன். அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது நேத்து பொறந்தது மேடம். இதுக்கு இன்னா நோவு வரும்னு கம்பெனிக்காரனுக்கே தெரியாது. இது பாருங்க, ரெண்டு வருசமா எல்லார் கையிலயும் அடிபட்டு வந்தது. ஒரு பேஜாரும் கெடையாது. கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுக்கிற ஆள் இல்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். கம்ப்யூட்டர் இல்லாத கொடுமையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை தயாரித்திருந்தேன். இடப்பக்கம் தேறியது, வலப்பக்கம் புதியது, நடுவில் நாற்பத்து மூன்று வரி. சூடு தாங்குமா, ரேம் நான்கும் போட்டால் ஒத்துழைக்குமா, பழுது பார்க்க எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குடைந்தெடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் எழுந்து போய்விடுவார்கள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

“இருங்க மேடம், ஒரு டீ சொல்லிட்டு வரேன். இது டீ இல்லாத முடியாது.”

ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினோம். வெளியே வந்தபோது எனக்குத் தாடை வலித்தது. அவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அடுத்த புதன்கிழமையும் போனேன், அதற்கடுத்ததும். புதன்கிழமை கூட்டம் இருக்காது என்று அவரே சொல்லியிருந்தார். போர்டைப் பற்றித்தான் பேசுவோம், சத்தியமாக வேறெதுவும் இல்லை. ஆனால் போர்டைப் பற்றிப் பேசும்போது எல்லாம் வந்துவிடும். அவர் முதன்முதலில் பூட்டிய கம்ப்யூட்டரில் எங்கே தவறு செய்தார், எந்த மாடல் மழைக்காலத்தில் மக்கர் செய்யும், நான் ஒரு தடவை சாஃப்ட்வேர் வெளியீட்டு நாளில் ஒற்றை ஆளாக நின்று ‘இது தேறவில்லை, கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்லி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அவர் அதைக் கேட்டு மேசையைத் தட்டினார்.

“அதான் மேடம் வோணும். கெட்டத நல்லதுன்னு எழுதறவன் எழுதட்டும். நாம எழுதக் கூடாது.”

மூன்றாவது வாரம் கிளம்பும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்று வாரமாக மனிதரின் நேரத்தைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு போகிறோமே என்று, “அடுத்த வாரம் முடிவு சொல்லிடறேங்க. அதுக்குள்ள யாராவது கேட்டா தாராளமா குடுத்துடுங்க, எனக்காக வெக்க வேணாம்” என்றேன். தேறிய போர்டு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இனி புதியதுதான் வரும், பழையது வருவது சந்தேகம் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரமும் எனக்கு நிலைகொள்ளவில்லை. வாயைக் கொடுத்துக் கெட்டோமே, விற்றுத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று கிடந்து தவித்தேன். விற்றுவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி போய்விடும். கேள்வி போய்விட்டால் எந்த முகத்தோடு கடைக்குப் போவது?

நான்காவது புதன்கிழமை படியேறியதும் முதலில் அலமாரியைத்தான் பார்த்தேன். டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

“அப்பாடா, இருக்கு” என்றேன், வாய்விட்டு.

அவர் என்னவோ சொல்ல வந்தவர் மாதிரி எழுந்தார். அப்புறம் சொல்லாமல் போய் இரண்டு டப்பாவையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஒன்றை என் பக்கம், ஒன்றைத் தன் பக்கம். “டீ சொல்றேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் ‘கண்ண மூடிக்கினு எடுங்க’ என்று சொல்வதை நிறுத்திவிட்டார். எதன் பக்கமும் சாயாமல் பேச ஆரம்பித்தார். நான் தேறியதைப் புகழ்ந்தால் புதியதைப் பற்றி ஒரு வார்த்தை போடுவார். நான் புதியதுக்குச் சாய்ந்தால் ‘அவசரம் இன்னா மேடம், யோசிங்க’ என்பார். இருபத்து நான்கு வருடம் மாற்றங்களைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள், இந்த மாற்றத்தையும் கவனித்தேன். வியாபாரி நாசூக்காக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, பஸ்ஸில் திரும்பும்போதுதான் என்னையே நான் பிடித்தேன். அன்றைக்கு நான் கேட்ட சந்தேகம், போர்டு நிறுத்தினாற்போல் இருப்பது நல்லதா படுக்கவைத்தாற்போல் இருப்பது நல்லதா என்பது. அது முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நானே இட்டுக்கட்டியது. எனக்குத் தேவையான பதில் இரண்டாவது வாரமே கிடைத்துவிட்டது, தேறியதுதான். வாங்கிவிட்டால் புதன்கிழமை போய்விடும். அதற்காகத்தான் இந்த நாடகம் முழுவதும். ஒரு கோப்பை டீக்கும் ஒரு மணி நேரப் பேச்சுக்கும் இந்த வயதில் இப்படி வேஷம் போட வேண்டியிருக்கிறதே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் அடுத்த வாரத்துக்கு என்ன கேட்கலாம் என்று ட்ரினிட்டி நிறுத்தம் தாண்டுவதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்பதாவது வாரம் நான் இருக்கும்போதே ஓர் ஆள் வந்தார். கையில் ஹெல்மெட், அவசரத்தில் இருந்தார். கன்னடத்தில் அதே தேறிய போர்டின் பேரைச் சொல்லிக் கேட்டார். டப்பா மேசையில், அவர் பக்கம், என் நோட்டுப் புத்தகத்துக்கு எதிரேதான் இருந்தது. கடைக்காரர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“காலி ஆகோய்த்து சார்” என்றார்.

தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். வந்தவர் டப்பாவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சலித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கீழே அத்தனை கடை இருக்க, இந்தப் படியேறி வந்த ஒரே வாடிக்கையாளரையும் எனக்காக அனுப்பிவிட்டாரே! வாங்கப் போகிறேனா இல்லையா என்று தெரியாத ஒருத்திக்காக முழுசாக ஒரு பொய் சொல்லிவிட்டாரே! போதும் இந்தக் கூத்து, மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போடக் கூடாது, முடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

தீர்மானித்தும் இரண்டு வாரம் ஆயிற்று. பதினோராவது புதன்கிழமை நோட்டைத் திறக்காமலே சொன்னேன்.

“புதுசே குடுத்துடுங்க.”

என் வாழ்நாளில் நான் எடுத்த முதல் புதுசு அது. ஏன் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. தேறிய போர்டில் கோளாறே வராது. புதியதில் கட்டாயம் வரும். திரை வராது, ரேம் ஒத்துழைக்காது, ஏதாவது ஒன்று நடக்கும். நடந்தால் தூக்கிக்கொண்டு கடைக்குத்தான் வர வேண்டும். அவரே சொன்னாரே, அதற்கு என்ன நோவு வரும் என்று கம்பெனிக்காரனுக்கே தெரியாது என்று. அந்தத் தெரியாத நோவை நம்பித்தான் வாங்கினேன்.

“புதுசா?” என்றார். அவர் முகத்தில் ஏதோ பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. “நல்லது மேடம். புதுசே நல்லது.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. விட்டது தொல்லை என்று நினைக்கிறார். நினைக்க மாட்டாரா பின்னே! அங்கேயே பூட்டித் தருகிறேன் என்று சொன்னார். வேண்டாம், நானே பூட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் பூட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் கோளாறுக்கு ஏது வழி. எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளில் போட்டுக் கீழே ஆட்டோ வரை கொண்டுவந்து வைத்தார்.

“ஏதாவது ஆச்சுன்னா கொண்டாங்க” என்றார்.

ஆக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துப் பூட்டினேன். நான்கு மணி நேரம் ஆயிற்று. பொத்தானை அழுத்தினேன். மின்விசிறிகள் சுற்றின, போர்டில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தது, திரை இருட்டாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பார்த்தேன். புதுப் போர்டு முதல் தடவை ரேமைச் சரிபார்த்துக்கொள்ள வெகுநேரம் எடுக்கும், பொறுமையாக இருக்க வேண்டும் என்று என் நோட்டில் முப்பத்தோராவது வரியில் நானே எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே அதை மறந்தேன். நான்கு நிமிடம் ஆனதும் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கடை சனிக்கிழமை எட்டு மணி வரை திறந்திருக்கும், இப்போதே ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். உள்ளே ஓடி முகம் கழுவி, வெளியே போகிற சுடிதார் மாற்றி, தலை சீவினேன். கண்ணாடியில் பார்த்தால் நானே சிரித்துக்கொண்டிருந்தேன். கடையில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘உங்க புதுசு கவுத்துடுச்சு பாத்தீங்களா.’

கூடத்துக்கு வந்தால் திரை எரிந்துகொண்டிருந்தது.

பிராசசர், ரேம், எல்லாவற்றின் பேரும் வரிசையாக, ஒரு பிழை இல்லாமல் வந்திருந்தது. அணைத்துப் போட்டேன், உடனே வந்தது. பத்து தடவை அணைத்துப் போட்டேன், பத்து தடவையும் வந்தது. தலை சீவி, பொட்டு வைத்து, செருப்பு மாட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று அழுதேன். எனக்குத் தெரிந்து ஒரு கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்பதற்காக யாரும் அப்படி அழுதிருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை அந்தப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு படியேறியபோது மூச்சு வாங்கியது. அவர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

“இன்னா ஆச்சு மேடம்?”

“சில சமயம் டிஸ்ப்ளே வர மாட்டேங்குது.”

சில சமயம்! ஆபீஸில் எந்தப் பிள்ளையாவது ‘சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை’ என்று எழுதிக் கொண்டுவந்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன். எப்போது, எத்தனை தடவைக்கு ஒரு தடவை, எழுதிக்கொண்டு வா என்பேன். இருபத்து நான்கு வருடத்தில் நான் எழுதாத பொய்க் கோளாறை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

அவர் மேசையில் வைத்து வயர் எல்லாம் சொருகிப் பொத்தானை அழுத்தினார். வந்தது. அணைத்தார், போட்டார், வந்தது. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினார், வந்தது. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, கோளாறு எழுதிக் கொடுக்கிற ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தார். கெட்டதை நல்லது என்று எழுதக் கூடாது என்று மேசையைத் தட்டியவர். நல்லதைக் கெட்டது என்று அவரை எழுத வைக்கிறேன். அது எனக்குத் தாங்கவில்லை.

“எழுதாதீங்க” என்றேன். “அதுல ஒண்ணும் இல்ல. நல்லா ஓடுது. நான்தான் பொய் சொன்னேன். வீட்ல பேச்சுத் துணைக்கு யாரும் இல்லீங்க. இங்க வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும். ரெண்டரை மாசமா அதுக்குத்தான் வந்தேன். போர்டெல்லாம் ரெண்டாவது வாரமே முடிவாயிடுச்சு.”

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றால் அது தனியாகத் தூக்கி ஓடுகிற கனமா. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். அந்தத் தேறிய போர்டின் டப்பா இன்னும் அங்கேயே இருந்தது. இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அதை என் கையில் கொடுத்தார். எப்போதும் புதிய டப்பாவைத்தான் என் பக்கம் வைப்பார், இதைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னால் அச்சிட்டிருப்பதை எனக்குப் படித்துக் காட்டுவார். கையில் வாங்கியதும் என் கை தானாக மேலே போயிற்று. கனமே இல்லை.

திறந்தேன். உள்ளே ஒரு கையேடும், பிரிக்காத கேபிள் பொட்டலம் ஒன்றும் இருந்தன. போர்டு இல்லை.

“எப்போ வித்தீங்க?”

“நீங்க மூணாவது வாரம் வந்துட்டுப் போனீங்களே, அதுக்கு மறுநாளே மேடம். ஒருத்தர் வந்து இங்கயே பூட்டி எடுத்துக்கினு போனாரு. டப்பா வாணாம்னுட்டாரு. நீங்கதான குடுத்துடுங்கன்னு சொன்னீங்க.”

“அடுத்த வாரம் எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொல்லலாம்னுதான் எழுந்தேன். நீங்க உள்ள வந்ததும் டப்பாவப் பாத்து, அப்பாடா இருக்குதுன்னீங்க. எனக்கு வாய் வரல்ல.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “போர்டு இல்லன்னா நீங்க புதுச எடுத்துக்கினு அன்னிக்கே போயிடுவீங்க. இங்க வர்றவங்கல்லாம் வெலையக் கேட்டு, ஃபோன்ல போட்டோ புடிச்சிக்கினு எறங்கிடறாங்க மேடம். உக்காந்து பேசறதுக்கு யாரு வராங்க?”

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வந்தது. எட்டு வாரம்! எட்டு வாரமாக ஒரு காலி டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு, அதன் சூடு என்ன, ஆயுள் என்ன என்று இரண்டு பேரும் ஆராய்ச்சி செய்திருக்கிறோம். ஓட்டை கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவள், ஒரு தடவை அந்த டப்பாவைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

“நான் பழசே குடுங்கன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“அதாங்க மேடம் வாரா வாரம் எனக்குப் பயம். ஊரெல்லாம் தேடிக் கொண்டாந்திருப்பேன். இல்லன்னா உங்க கால்ல விழுந்திருப்பேன்.”

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நான்தான் முதலில் சிரித்தேன். அந்தப் பக்கம் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் ஒன்று எனக்குப் புரிந்தது. ஹெல்மெட்டோடு வந்த ஆளிடம் ‘காலி ஆகோய்த்து’ என்று இவர் பொய் சொல்லவில்லை, நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார். நான் முடிவைச் சொன்ன அன்று அவர் முகத்தில் இறங்கிய பாரமும் நான் நினைத்தது இல்லை, பழசைக் கேட்டுவிடுவேனோ என்ற பயம்தான். இரண்டரை மாதமாக இந்தக் கடையில் தனியாக இருப்பது நான் ஒருத்திதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

டீ வந்தது, குடித்தோம். ஏனோ அன்றைக்குப் பேச்சே வரவில்லை. போர்டு இல்லாமல் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை. ‘உங்க வீட்ல’ என்று நான் ஆரம்பித்து நிறுத்தினேன். ‘நீங்க தொம்மலூர்ல எங்க’ என்று அவர் ஆரம்பித்து நிறுத்தினார். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஏதாவது ஆச்சுன்னா கொண்டாங்க என்று அவர் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஆட்டோ கிளம்பியதும் விட்டுவிட்டார்.

வீட்டில் பெட்டியை வைத்த இடத்திலேயே வைத்தேன். நோட்டைத் திறந்து பார்த்தால் இடப்பக்கத்தில் தேறியதற்கு நாற்பத்து மூன்று வரியிலும் டிக் போட்டிருந்தேன். இல்லாத பொருளுக்கு முழு மதிப்பெண். அத்தனை டிக்கையும் அடித்துவிட்டுக் கீழே ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசினான், படம் தெளிவாக இருக்கிறது, என்ன போர்டு வாங்கினாய் என்று கேட்டான். மற்ற நாள்களில் ஓடிபி சொன்னேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கடையில் கேட்பதற்கு ஒரு சந்தேகம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் குளித்துக் கிளம்பினேன். நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்தில் வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நின்றேன்.